எந்த டிராகனை முதலில் மடிக்கலாம்?

ஒரே சதுரத் தாள், வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஜப்பானிய ஒரிகாமி (தாள் மடிப்புக் கலை) கலைஞர் சதோஷி கமியா இப்படி வடிவமைத்த டிராகன்களில் இரண்டைத்தான் எல்லோரும் மடிக்க ஆசைப்படுகிறார்கள்: 'ஏன்ஷியன்ட் டிராகன்', 'ரியூஜின் 3.5'.

முதலாவது ஐரோப்பியக் கதைகளில் வரும் வகை. விரிந்த சிறகு, நான்கு கால், நீண்ட வால். இதற்குப் படிப்படியான விளக்கப்படம் புத்தகமாகவே வந்திருக்கிறது. படிகள் 200க்கும் மேல். ஆனாலும் அடுத்து என்ன என்பது கண்முன் இருக்கும். 50 செ.மீ. பக்கமுள்ள மெல்லிய, உறுதியான தாள் எடுங்கள். சாதாரணக் கலர் பேப்பர் வேண்டாம்; அடுக்குகள் சேரும் இடத்தில் கிழிந்துவிடும்.

ரியூஜின் கிழக்காசிய டிராகன். பாம்புபோல் நெளியும் உடல், கொம்பு, மீசை, நகம். உடல் நெடுக வரிசை வரிசையாகச் செதில்கள், அவையும் அதே தாளின் மடிப்புகள்தான்! பலர் இதைப் படிப்படியான படமில்லாமல், மடிப்புக்கோடுகள் மட்டும் வரைந்த கிரீஸ் பேட்டர்னை வைத்தே மடிக்கிறார்கள். முதலில் தாள் முழுக்கக் கட்டம் போட வேண்டும். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் அந்தப் பிழை செதிலுக்குச் செதில் பெருகும். தாளும் மிகப் பெரிதாக வேண்டும். ஒன்றரை, இரண்டு மீட்டர் பக்கம்கூட எடுப்பார்கள். தரை முழுக்க இடம் வேண்டும், பல வாரப் பொறுமையும் வேண்டும்.

அழகில் என் மனம் ரியூஜின் பக்கம்தான். ஆனால் கொக்கு, தவளை மடித்துப் பழகியவர் நேரே அதில் இறங்க வேண்டாம். இடைநிலை மாதிரிகள் சில முடித்துவிட்டு, ஏன்ஷியன்ட் டிராகனுக்கு வாருங்கள்.