சிங்க் குழாய்: பித்தளையா, பிளாஸ்டிக்கா?

சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்ததும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைப்பார்: குரோம் பூசிய பித்தளை, பிடிஎம்டி (PTMT) என்ற வகை வெள்ளை பிளாஸ்டிக்.

விலை: பிளாஸ்டிக் சில நூறு ரூபாயில் முடியும். நல்ல பித்தளைக்கு அதைப்போலப் பல மடங்கு.

உப்புத் தண்ணீர்: போர் தண்ணீர் வீடுகளில் இதுதான் முக்கியம். பித்தளையில் வெள்ளைப் படிவு ஏறும், நாளடைவில் குரோம் உரியும். படிவை அவ்வப்போது வினிகரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆசிட் ஊற்றினால் பூச்சே போய்விடும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆனால் படிவு அதிலும் சேரும், அப்புறம் திருகு இறுகும்.

உறுதி: கனமான குக்கர் தெரியாமல் இடித்தால் பித்தளை தாங்கும், பிளாஸ்டிக் விரிசல் விடலாம்.

பொருத்துவது: இரண்டும் பெரும்பாலும் அரை அங்குல மரைதான். டெஃப்லான் டேப் சுற்றி, பிளாஸ்டிக்கைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டால் மரை உடைந்து சுவருக்குள் மாட்டிக்கொள்ளும்; அதை எடுப்பது பெரிய தலைவலி.

ரிப்பேர்: பித்தளையில் உள்பாகம் மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் குழாயையே மாற்றிவிடுகிறோம்.

வாடகை வீடு, கடும் உப்புத் தண்ணீர் என்றால் பிளாஸ்டிக். சொந்த வீடு, கீசர் இணைப்பு என்றால் யோசிக்காமல் பித்தளை.