இன்டர்நெட்டுக்கு ஒரு உலக வரைபடம் - போஸ்டர் ரிவ்யூ

எக்ஸ்கேசிடி காமிக் போடுற ராண்டல் மன்ரோவோட ஆன்லைன் கம்யூனிட்டி மேப் (ஜனங்க கூடிப் பேசுற வெப்சைட்டுகள நாடுகளா வரைஞ்ச கற்பனை மேப்) போஸ்டர், 2010 வெர்ஷன், வாங்கி சுவத்துல மாட்டியாச்சு. 2007ல வந்த முதல் மேப்ல மைஸ்பேஸ்ன்ற பழைய சோஷியல் மீடியா சைட்தான் பெரிய நாடு, ஃபேஸ்புக் அதைவிட சின்னது, மூணே வருஷத்துல அப்படியே தலைகீழ். 2007 மேப்ல உறுப்பினர் எண்ணிக்கைய வச்சு பரப்பளவு, 2010 மேப்ல ஜனங்க தினமும் எவ்ளோ பேசிக்கிறாங்கன்றத வச்சு, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு நேரடியா கம்பேர் பண்றது சரியா வராது. ஃபேஸ்புக்குக்குள்ள ஒரு சமவெளிக்கு 'குடும்பத்தோட பொதுவுல அசடு வழியுற இடம்'னு பேரு வச்சிருக்காரு பாருங்க, நம்ம சித்தப்பா கமென்ட் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துபோச்சு 😂

கீழ ஒரு சின்ன படம் இருக்கு, அதுதான் செம, மின்னஞ்சல், எஸ்எம்எஸ், வாய்ப்பேச்சு இதோட ஒப்பிட்டா இந்த மொத்த உலகமும் ஒரு ஓரத்துல கிடக்குது.

குறைன்னா எழுத்து ரொம்ப பொடி, கண்ணாடி போட்டுதான் படிக்கணும். இன்ஸ்டாகிராம், வாட்ஸப் எல்லாம் தேடாதீங்க, அப்போ அதெல்லாம் பெருசா பரவல. ஃபேஸ்புக் மாதிரி முன்னாடி இருந்த ஆர்குட் சைட்டோட பழைய ஆளுங்க கண்ண மூடிட்டு வாங்கலாம், 4/5.