மழை ஓய்ந்த கையோடு நீரோட்டம் பார்க்க வருபவர்களிடம் எச்சரிக்கை

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி, வேலூர் மாவட்டத்து ஏரிகள் பல நிரம்பி வழிந்த அடுத்த மாதமே, அணைக்கட்டு பக்கம் உள்ள எங்கள் நிலத்துக்குக் மின்தடைக் கருவி வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்ப்பதாக ஒருவர் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வேலை பார்த்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதே விதத்தில் பார்த்துப் பணம் வாங்குபவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நிலம் அப்போது காலை வைத்தால் புதையும் நிலையில் இருந்தது. மின்முனைக் கம்பிகளைச் சுத்தியலால் அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையால் அழுத்தியதுமே இறங்கின. இருபுறமும் சுமார் நாற்பது மீட்டர் அளவுக்கு மட்டும் கேபிளை இழுத்துவிட்டு, "அண்ணா, 600 அடிக்குள்ள ரெண்டு இடத்துல ஓட்டம் இருக்கு, மூணு இஞ்சு தண்ணிக்கு நான் பொறுப்பு" என்றார். அளவீட்டுத் தாளைக் கேட்டதற்கு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார்.

ஆழ்துளை போடும் ரிக் வந்து ஓட்டியபோது ஏறக்குறைய 60 அடியில், சுக்காம்பாறை என்னும் சிதைந்த மேல்பாறையில், சேறும் தண்ணீருமாக வந்தது. பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்கியதும் அந்தத் தண்ணீர் வெளியிலேயே தடுக்கப்பட்டது. அதன்பின் 600 அடி வரை வெள்ளைப் புழுதியைத் தவிர எதுவும் வரவில்லை. ஓட்டிய கூலி, கேசிங் செலவு, நீரோட்டம் பார்த்தவருக்குக் கொடுத்தது எல்லாம் போயிற்று. தொலைபேசியில் கேட்டதற்கு, பாறையின் குணத்துக்கு நான் என்ன செய்வது என்றார்.

பாறையின் குணம் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. வட ஆற்காட்டின் பெரும்பகுதி நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். மின்தடைக் கருவி தண்ணீரை நேரடியாகக் காட்டுவதில்லை. வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து மின்தடை எண்ணைக் கணக்கிடுகிறார்கள். பாறைத் துகள்கள் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். இடுக்குகளில் உள்ள நீரும் அதில் கரைந்த உப்பும்தான் கடத்துகின்றன. ஆகவே மழைக்குப் பின் மேல்மண்ணும் சிதைந்த பாறையும் ஊறியிருக்கும்போது எண் தாழ்ந்துதான் வரும். களிமண் இருந்தாலும் தாழ்ந்து வரும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கழிவின் உப்பு கலந்த நீர் இருந்தாலும் தாழ்ந்து வரும். எண் தாழ்ந்ததை மட்டும் காட்டி ஆழத்தில் ஓட்டம் இருப்பதாகச் சொல்வது ஏமாற்று.

அடுத்த மே மாதத்தில், பக்கத்துக் கிணற்றில் தரை தெரிந்த நேரத்தில், நிலவியல் படித்த ஒருவரை வரவழைத்து அதே இடத்தில் மறுபடி அளக்கச் செய்தோம். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது என்பதால் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, இருபுறமும் இருநூறு மீட்டர் வரை கேபிளை நீட்டினார். முதல் ஆளின் நோட்டுப் பக்கத்தை என் தம்பி செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அதோடு ஒப்பிட்டால், கம்பிகள் நெருக்கமாக இருந்த அளவீடுகளில் எண் பல மடங்கு உயர்ந்திருந்தது. வெயிலில் மண் சூடாவதாலும் எண் மாறும் என்றாலும், அது ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் குறைவதுதான். இத்தனை வித்தியாசம் ஈரம் போனதால் வந்தது. டிசம்பரில் அந்த மனிதர் கண்டது மழை ஈரத்தைத்தான். ஆழத்தில் தண்ணீர் தேறாது என்று இவர் எழுதியே கொடுத்தார்.

இன்னொன்றையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம். கேபிள் எவ்வளவு விரிகிறதோ அதற்குள்தான் ஆழமும் எட்டும். மையத்திலிருந்து ஒருபுறம் விரியும் தூரத்தை மிஞ்சிய ஆழத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரமே இல்லை. நாற்பது மீட்டர் என்பது 130 அடி. அதை வைத்துக்கொண்டு 600 அடிக்குப் பொறுப்பேற்றவரை என்னவென்று சொல்வது?

முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பாருங்கள். அப்போதும் தாழ்ந்து நிற்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். மழைக்காலத்தில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், எந்தத் தேதியில் அளந்தது, கேபிளை எவ்வளவு நீட்டியது, ஒவ்வோர் இடைவெளிக்கும் என்ன எண் வந்தது என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையும் இந்த ஆய்வைச் செய்து தருகிறது. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். தாள் தர மறுப்பவருக்கு முன்பணமே கொடுக்காதீர்கள்.