மிடசோலமா, குளோனிடினா?

அறுவை அரங்கின் வாசலில் அம்மாவின் தோளை விடாமல் அழும் குழந்தைக்கு, பல மயக்க மருத்துவர்களின் கை முதலில் போவது மயக்கத்துக்கு முன் பதற்றம் தணிக்க வாய்வழி கொடுக்கும் மிடசோலம் என்ற மருந்துக்குத்தான். எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி.; 20–30 நிமிடத்தில் பதற்றம் அடங்கும், நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. ஆனால் கசப்பு! இனிப்புப் பாகில் கலந்தாலும் சில பிள்ளைகள் துப்பிவிடும். சிலருக்கு நேர்மாறாக முரண்டு கூடும்.

ரத்த அழுத்த மருந்தானாலும் இதற்கும் பயன்படும் குளோனிடினில் அந்தக் கசப்பில்லை. கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். இயல்பான உறக்கம் போலிருக்கும், விழித்தபின் வலியும் அமளியும் குறைவு. நாடித்துடிப்பும் அழுத்தமும் இறங்கலாம். 60–90 நிமிடம் முன்பே கொடுக்கவும் வேண்டும். அறுவைப் பட்டியல் அடிக்கடி மாறும் இடத்தில் அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கும்? அதனால் என் ஓட்டு மிடசோலத்துக்கே; முன்பு அதில் முரண்டு பிடித்த குழந்தை என்றால் மட்டும் குளோனிடின்.