பழையதைப் புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா: விக்ரமாதித்யாவும் விக்ராந்தும்

இந்தியக் கடற்படையிடம் இன்று இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. இரண்டும் 45,000 டன்னை ஒட்டியவை. இரண்டிலும் மேல்நோக்கி வளைந்த முகப்பிலிருந்து விமானங்கள் எழும்புகின்றன. இறங்கும் விமானத்தைத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகள் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் ஒன்று, 1987இல் ‘பாக்கு’ என்ற பெயரில் சோவியத் கடற்படையில் சேர்ந்து, பின்னர் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ ஆகி, ரஷ்யாவின் செவரோத்வின்ஸ்க் நகரில் புதுப்பிக்கப்பட்டு 2013 நவம்பரில் நம்மிடம் வந்த விக்ரமாதித்யா. மற்றது, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் 2009இல் தொடங்கி, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த். மூன்றாவது கப்பலைப் பற்றிப் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில், இரண்டு வழிகளையும் நடந்து பார்த்த கடற்படையின் அனுபவத்தை அலசுவது பயனுடையது.

நான் வணிகக் கப்பல்களின் இயந்திர அறைகளில் பணியாற்றியவன். போர்க்கப்பலில் வேலை பார்த்ததில்லை. பணிக்காலத்தின் பிற்பகுதியில், பழைய கப்பலை வாங்கிப் புதுப்பிப்பதா, புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் கொடுப்பதா என்று ஒரு சிறிய நிறுவனம் கேட்டபோது, புதியதையே பரிந்துரைத்தேன். அன்று என்னை அந்த முடிவுக்குத் தள்ளிய காரணம்தான் இங்கும் என் காரணம் என்பதால், இந்த அலசலில் தராசு விக்ராந்தின் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப் போவதில்லை. கடற்போர் வியூகம் பற்றி நான் சொல்வதை ஒரு வாசகனின் கருத்தாகவும், கொதிகலனைப் பற்றிச் சொல்வதைத் தொழிலாளியின் கருத்தாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

விலையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கோர்ஷ்கோவ் விலையின்றித் தரப்படுகிறது, புதுப்பிக்கும் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்ற அடிப்படையில் 2004 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கப்பலுக்கென்று அப்போது பேசிய 97.4 கோடி டாலர், 2010இல் சுமார் 235 கோடி டாலராக உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கணக்குத் தணிக்கைத் துறை, பழைய கப்பலுக்குப் புதுக் கப்பலின் விலையைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று கண்டித்திருந்தது. விக்ராந்தும் இந்த விஷயத்தில் சொக்கத் தங்கம் அன்று. 3,261 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திட்டம், முடியும்போது ஏறத்தாழ 20,000 கோடியைத் தொட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தங்கியது என்பது எல்லோரும் அறிந்த வாதம். அதை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

பழையதை வாங்கினால் சீக்கிரம் கிடைக்கும் என்ற வாதமும் அனுபவத்தில் பாதிதான் நின்றது. 2008இல் வர வேண்டிய விக்ரமாதித்யா ஐந்து ஆண்டுகள் தாமதமாக வந்தது. திறந்து பார்த்த பிறகுதான் பழைய கப்பலின் உண்மை நிலை தெரியும் என்பதே இதற்குக் காரணம். 2,500 அறைகளில் 1,750 அறைகளை மாற்றிக் கட்ட வேண்டியிருந்ததாகக் கணக்கு. விக்ராந்துக்கு 13 ஆண்டுகள் பிடித்தன. பற்சக்கரப் பெட்டிகள் (கியர் பாக்ஸ்) வந்து சேராததால், 2011 டிசம்பரில் அதன் வெற்று உடலை நீரில் மிதக்கவிட்டுத் துறையைக் காலி செய்ய வேண்டிய நிலைகூட வந்தது. காலக் கணக்கில் பழைய கப்பல் முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்கு முந்தவில்லை.

இனி, என் பார்வையில் வழக்கைத் தீர்க்கும் விஷயமான பராமரிப்புக்கு வருகிறேன். விக்ரமாதித்யா நீராவியால் ஓடும் கப்பல். அதன் வயிற்றில் எட்டுக் கொதிகலன்கள் இருக்கின்றன. 2012 செப்டம்பரில் பேரண்ட்ஸ் கடலில் முழு வேகச் சோதனை நடந்தபோது, அவற்றில் ஏழு பழுதடைந்தன. உலையின் உட்புறத்தில் பதித்திருந்த காப்புச் செங்கற்கள் வெப்பத்தைத் தாங்காமல் சிதைந்ததே காரணம். கல்நார் கூடாது என்று இந்தியா மறுத்ததால் செங்கல்லைப் பயன்படுத்த நேர்ந்தது என்று ரஷ்யத் தரப்பு விளக்கம் சொன்னது. யார்மேல் பிழை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீராவிக் கப்பலில் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் செய்தி புதிராக இருந்திருக்காது.

உலையை ஆய்வு செய்வது எப்படியிருக்கும் என்று சொன்னால் காரணம் விளங்கும். கொதிகலனை அணைத்து, நாள்கணக்கில் ஆறவிட்டு, ஓர் ஆள் உடலை ஒடுக்கி நுழையும் அளவுள்ள துளை வழியே விளக்குடன் உள்ளே இறங்க வேண்டும். சுவரின் செங்கற்களைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினால், பிடிப்புள்ள செங்கல் கணீரென்று ஒலிக்கும். பின்புறம் விட்டுப்போன செங்கல் பொத்தென்று ஒலிக்கும். அந்த ஒரு செங்கலைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த பயணத்தில் அதன் பின்னாலுள்ள வெளித்தகடு சூடேறி, பெயின்ட் கொப்பளித்து உரியத் தொடங்கும். பிறகு அந்தக் கொதிகலனை நிறுத்தியே ஆகவேண்டும். செங்கல்லோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. குழாய்களின் உட்புறம், கொதிகலனுக்குள் போகும் நீரின் தூய்மை, எண்ணெய் தெளிக்கும் முனைகள் ஆகிய ஒவ்வொன்றையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலையைக் கற்ற கைகள் உலகெங்கும் குறைந்து வருகின்றன. நம் கடற்படையிலும் நீராவிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுவதால், அடுத்த தலைமுறைக்கு அந்தப் பயிற்சியை எந்தக் கப்பலில் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது.

இது புதிய தலைவலியும் அன்று. பிரிட்டனில் பாதியில் நின்றிருந்த ‘ஹெர்குலிஸ்’ கப்பலை 1957இல் வாங்கி, 1961இல் சேர்த்துக்கொண்ட முதல் விக்ராந்த், 1971 போரில் கொதிகலனில் விரிசலுடன், வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டுதான் வங்கக் கடலில் இயங்கியது. காக்ஸ் பஜார்மீது அதன் விமானங்கள் நடத்திய தாக்குதலைப் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அந்தக் கொதிகலனை வைத்துக்கொண்டு கப்பலை நகர்த்திய இயந்திர அறை ஆட்களை அவ்வளவாக நினைப்பதில்லை.

இன்றைய விக்ராந்தில் நான்கு எல்எம்2500 எரிவாயுச் சுழலிகள், அதாவது கேஸ் டர்பைன்கள், இருக்கின்றன. சுழலியில் பெரிய பழுது ஏற்பட்டால் அதைக் கப்பலுக்குள்ளேயே பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. காற்று உள்ளே வரும் பாதை வழியாகவே அதைத் தூக்கி வெளியே எடுத்து, தயாராக உள்ள மாற்று இயந்திரத்தை இறக்கிவிட்டு, பழுதானதைக் கரையிலுள்ள பட்டறைக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியமானது, இதே சுழலி சிவாலிக் வகைப் போர்க்கப்பல்களிலும் புதிய நீலகிரி வகையிலும் ஓடுகிறது. பெங்களூரின் எச்ஏஎல் நிறுவனத்துக்கு அதில் நீண்ட பழக்கம் உண்டு. உதிரிபாகக் கிடங்கு, பட்டறை, பயிற்சிப் பள்ளி எல்லாவற்றையும் பல கப்பல்கள் பகிர்ந்துகொள்ளும்போது, ஒற்றைக் கப்பலுக்காகத் தனியே ஒரு தொழில்நுட்பத்தைச் சுமக்கும் செலவு மறைந்துவிடுகிறது.

கப்பலின் உடலுக்கும் இதே கணக்குதான். ரஷ்ய எஃகு கிடைக்காமல் போனபோது, ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் என்ற அரசு எஃகு நிறுவனமும் சேர்ந்து டிஎம்ஆர்-249 என்ற எஃகை உருவாக்கின. விக்ராந்தின் ஒரு தகடு அரித்துப்போனால் மாற்றுத் தகடும், அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஆளும் இங்கேயே இருக்கிறார்கள். கட்டக் கற்ற இடம் பழுதுபார்க்கவும் கற்றுவிடுகிறது என்பதற்குச் சான்று விக்ரமாதித்யாவே: அதை உலர் துறையில், அதாவது நீரை வெளியேற்றிக் கப்பலை நிறுத்தும் துறையில், ஏற்றிச் சீர்செய்யும் 1,207 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2024 நவம்பரில் கொச்சிக்குத்தான் கிடைத்தது.

வெளியே வாங்கும் கப்பல் புதிதாகவே இருந்தாலும் பராமரிப்புச் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. ரஷ்யாவின் கலினின்கிராடில் நமக்காகக் கட்டிய துஷில், தமால் போர்க்கப்பல்களின் உடல் ரஷ்யாவினுடையது, சுழலிகள் உக்ரைனுடையவை. அவ்விரு நாடுகளும் போரிடும் நிலையில், அந்த இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். விக்ரமாதித்யா இல்லாதிருந்தால், 2017 மார்ச்சில் முந்தைய விமானந்தாங்கியான விராட் ஓய்வு பெற்றதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நம்மிடம் விமானந்தாங்கியே இருந்திருக்காது. தேஜஸின் கடற்படை வடிவம் 2020 ஜனவரியில் முதன்முதலாக இறங்கிய கப்பல் தளமும் விக்ரமாதித்யாதான். சீனாவும் பழைய சோவியத் கப்பலை 2012இல் லியாவ்நிங் ஆக்கிப் பழகிய பிறகே, 2019இல் தானே கட்டிய ஷான்துங்கைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவிடமிருந்து 2007இல் பழையதாக வாங்கிய ஜலாஷ்வா, கொரோனாக் காலத்தில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்ததைத் தென் மாவட்டத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். பழகிக்கொள்ளவும் இடைவெளியை நிரப்பவும் பழைய கப்பல் உதவும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

விக்ராந்தின் பராமரிப்பு எளிது என்று நான் சொல்வது பெரும்பாலும் அதன் வடிவமைப்பைப் பார்த்துத்தான். இருபது ஆண்டு உப்புநீரைக் கண்ட பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அனுபவச் சான்று இன்னும் சேரவில்லை. சுழலியின் மூலம் அமெரிக்க நிறுவனம் என்பதால், சார்பு முழுதும் நீங்கியதாகவும் சொல்ல முடியாது. விமானங்களின் கதை இன்னும் கடினமானது. இரு கப்பல்களுக்குமான ரஷ்யப் போர் விமானம் மிக்-29கேயின் இயந்திரப் பழுதுகளைத் தணிக்கை அறிக்கை 2016இலேயே பட்டியலிட்டது. அடுத்து வரவிருக்கும் 26 ரஃபேல் எம் போர் விமானங்களும் பிரான்சிலிருந்துதான் வருகின்றன.

மூன்றாவது கப்பலுக்கு 65,000 டன் அளவில், விமானங்களை உந்தி எழுப்பும் புதிய வகை ஏவுகருவியுடன் ஒன்று வேண்டும் என்ற ஆசை கடற்படை வட்டாரத்தில் வெகுநாளாக உண்டு. முடிவு என் கையில் இருந்தால், விக்ராந்தின் அதே உடலையும் அதே நான்கு சுழலிகளையும் வைத்து இன்னொன்றைக் கொச்சியிலேயே உடனே தொடங்கச் சொல்வேன். அங்கே 2024இல் திறந்த 310 மீட்டர் உலர் துறை அதற்குத் தாராளமாகப் போதும். வரைபடத்தில் மாற்ற வேண்டிய முதல் இடம் விமானங்களை மேலேற்றும் லிஃப்ட். இப்போதுள்ளவை இறக்கை மடியும் மிக்குக்காக அளவெடுத்தவை. ரஃபேல் எம்மின் இறக்கை மடியாது.