சீற்றுக்குக் கீழே முடிந்துபோன குழாய்: செயின் ஒயிலர் பூட்ட நினைப்பவர்கள் கவனத்துக்கு

திருகோணமலை நகரில் மோட்டார் சைக்கிள்களுக்கு, ஓடும்போது செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டவிடும் "ஒட்டோ செயின் ஒயிலர்" செய்து பூட்டித் தருவதாகச் சொல்லும் ஒரு கராஜில் கடந்த வருடம் 8,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தோடு போயிருந்தால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு விடயத்தை மறந்திருப்பேன். அந்தக் கருவி கொட்டிய எண்ணெயில் பின்சில்லு சறுக்கிக் கோட்டைச் சரிவில் விழுந்ததால்தான் எழுத வேண்டியிருக்கிறது. கராஜின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எனக்குக் காட்டப்பட்ட வித்தையை நாளைக்கு வேறொருவரும் காட்டலாம் என்பதால், வித்தையை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் கிழமை நாட்களில் நகரிலிருந்து குச்சவெளிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று கடலை ஒட்டியே செல்லும் அந்தப் பாதையில், கச்சான் காலத்தில் மணல் பறந்து செயினில் ஒட்டும். வாடைக் காலத்தில் மழையும் உப்புக் காற்றும் சேர்ந்து, மாலையில் எண்ணெய் பூசிய செயினை மறுநாள் காலையில் துருவேறிய நிறத்தில் காட்டும். என்னுடைய 150 சீசீ வண்டியில் செயினுக்கு மேல்மூடி மட்டுமே உண்டு. செயினின் கீழ்ப்பாதி திறந்தே கிடக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையுமாக முற்றத்தில் குந்தியிருந்து அலுத்துப்போனபோதுதான், ஓடும்போதே செயினுக்குத் துளித்துளியாக எண்ணெய் விடும் ஒயிலர் ஒன்றை நானே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது.

எண்ணம் புதியதல்ல. ஸ்கொட்லாந்தில் தயாராகும் ஸ்கொட்டொயிலர் என்ற கருவி பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளிழுக்கும் குழலில் அமுக்கம் குறையும். வெக்கியூம் என்று சொல்லப்படும் அந்த உறிஞ்சலை ஒரு மெல்லிய குழாய் வழியாக எடுத்து வால்வொன்றைத் திறக்கச் செய்வார்கள். எஞ்சின் ஓடும் வரை எண்ணெய் சொட்டும். எஞ்சினை நிறுத்தியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு துளி போதும். அந்தத் துளி பின்பற்சக்கரத்தின் பக்கவாட்டில் விழுந்தால், சக்கரம் சுழலும் வேகமே அதைப் பற்களை நோக்கி வெளியே தள்ளிச் செயினின் உருளைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விலை கூடிய பொருள் என்பதால் தாங்களே செய்து பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் ஒரு சிறு போத்தல், சேலைன் ஏற்றும் குழாய், அதிலுள்ள உருளைப் பூட்டு ஆகியவற்றை வைத்து ஒரு கொப்பித்தாளில் படம் வரைந்திருந்தேன்.

அந்தப் படத்தை அந்தக் கராஜில் காட்டியது என் முதலாவது பிழை. டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, நான் தாளை எடுத்து நீட்ட, அங்கிருந்த மெக்கானிக் பாஸ் அதை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "சேர், இது ஆஸ்பத்திரிச் சாமான். நான் செய்யிறது வெக்கியூம் சிஸ்டம். எஞ்சின் நிண்டா ஒயிலும் நிண்டிடும். ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை," என்றார். வெக்கியூம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும், விடயம் தெரிந்த மனிதர் என்று நம்பிவிட்டேன். கருவிக்கும் கூலிக்கும் 6,500 ரூபாய். அதற்கென்றே தருவிக்கப்பட்டதாகச் சொன்ன சிவப்பு நிற "ஸ்பெஷல் ஒயில்" ஒரு லீற்றர் 1,800 ரூபாய். பற்றுச்சீட்டுக் கேட்டேன், விசிற்றிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். பிசகு வந்தால் ஆளைத் தெரியும்தானே என்று நானும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணித்தியாலம் கழித்து வண்டியை எடுக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கமூடிக்குள் 150 மில்லிலீற்றர் போத்தல், அதன் கழுத்தில் ஒரு பித்தளைத் திருகு, அங்கிருந்து பின்சில்லைத் தாங்கும் "சுவிங் ஆம்" சட்டத்தை ஒட்டிப் பின்னால் போகும் ஒளி புகும் குழாய், அதைவிடத் தடித்த கறுப்புக் குழாய் ஒன்று சீற்றுக்குக் கீழே நுழைந்து மறைந்தது. "இதுதான் சேர் வெக்கியூம் பைப்," என்று கறுப்புக் குழாயைத் தட்டிக் காட்டினார். அது எங்கே போய் முடிகிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

முதல் இரண்டு கிழமையும் கருவி வேலை செய்ததற்கான அடையாளமே இல்லை. குச்சவெளிக்குப் போய் இறங்கிச் செயினை விரலால் தொட்டால் மணல்தான் ஒட்டும். போத்தலில் எண்ணெய் மட்டம் அசையவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். அவர் கருவியைக் கழற்றவும் இல்லை, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவும் இல்லை. பித்தளைத் திருகை இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு, "இப்ப சரி," என்று அனுப்பினார். நான்கு நாளில் மறுபடியும் போனேன். இன்னும் ஒரு சுற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு மனைவியோடு போய், வண்டியை வெயிலில் டபிள் ஸ்ராண்ட் போட்டு நிறுத்திவிட்டு மேலே ஏறினோம். உச்சிப் பூசை முடிந்து ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பிவந்தபோது, பின்சில்லுக்குக் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவில் சிவப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மான் ஒன்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் துணியால் துடைத்தேன். செயினிலும் பற்சக்கரத்திலும் ஊறி நின்ற எண்ணெய், சில்லு சுற்றத் தொடங்கியதும் டயரின் பக்கத்துக்கு எறியப்படும் என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை. கோட்டை வாசலை நோக்கி இறங்கும் வழியில், இடப்பக்கம் சாய்ந்து திரும்பிய கணத்தில், பின்பக்கம் எனக்குச் சொல்லாமலே தனியாகப் போயிற்று. வேகம் குறைவு என்பதால் முழங்காலும் முழங்கையும் தேய்ந்ததோடு தப்பினேன். பின்னால் இருந்த மனைவிக்குக் கணுக்கால் வீங்கியது. ஓடிவந்து வண்டியைத் தூக்கிய ஐயா ஒருவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில ஏறி வீட்ட போகாத, தள்ளிக்கொண்டு போ," என்றார்.

அன்று பின்னேரம் சீற்றைக் கழற்றினேன். கறுப்புக் குழாய் ஒரு சாண் தூரம் உள்ளே போய், வயர்க் கட்டு ஒன்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதன் முனை எஞ்சினுக்கும் போகவில்லை, காற்றுவடிகட்டிக்கும் போகவில்லை. உருக்கி ஊற்றும் பசையால் வாய் அடைக்கப்பட்டிருந்தது. மறுமுனையை இழுத்துப் பார்த்தேன். போத்தலின் அடியில் வெறுமனே ஒட்டி வைத்திருந்தார்கள். துளை கூட இல்லை. வால்வாக இருந்த அந்தப் பித்தளைத் திருகு, மீன்தொட்டிக்கு விற்கும் காற்றுத் திருகு. ஆக மொத்தத்தில், எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அறிந்துகொள்ள அந்தக் கருவிக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

ஓடும்போது சொட்டாமல் நிறுத்திய பிறகு கொட்டியது ஏன் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு சென்றது. போத்தலின் மூடி இறுக்கமானது. அதில் காற்றுத் துளை இல்லை. எண்ணெய் வெளியேற வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் ஓரிரு துளியோடு உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டு எல்லாம் நின்றுவிடும். அதனால்தான் முதல் இரண்டு கிழமையும் செயின் காய்ந்து கிடந்தது. வெயிலில் நிறுத்தினாலோ கதை தலைகீழ். போத்தலில் 100 மில்லிலீற்றர் காற்று இருந்து, அது 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால், ஏறத்தாழப் பத்திலொரு பங்கு விரியும். அதாவது 10 மில்லிலீற்றர் எண்ணெயை வெளியே தள்ளும். ஒரு துளியை 0.04 மில்லிலீற்றர் என்று வைத்தால் அது 250 துளி. நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிச் செலவழிக்க வேண்டிய எண்ணெய். சூட்டில் எண்ணெய் இளகுவதையும், பாஸ் திறந்துவிட்ட அந்த மூன்று சுற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது, வண்டி ஓடும்போது பட்டினி கிடந்து நிற்கும்போது வாந்தி எடுக்கும் ஒரு கருவி.

அந்த ஸ்பெஷல் ஒயிலின் கதை வேறு. மீதியை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூன்று நாள் அசையாமல் வைத்தேன். மேலே சிவப்பு நிறம் தெளிந்து நிற்க, அடியில் மெல்லிய கறுப்புப் படை ஒன்று படிந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் போத்தலின் அடியில் வைத்து மெதுவாக நகர்த்தினேன். கறுப்புப் படையில் ஒரு பகுதி மயிர்க்கோடு போல அதன் பின்னால் ஊர்ந்து வந்தது. வண்டிகளிலிருந்து இறக்கிய கழிவு ஒயிலை வடித்து, கியர் ஒயில் எதையோ கலந்து நிறமேற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். இரும்புத் தூள் கலந்த எண்ணெயைச் செயினுக்கு விடுவதும் அரத்தால் அராவுவதும் ஒன்றுதான்.

கழற்றிய சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். அடைத்த குழாயை மேசையில் வைத்ததும், "அது பிறகு குடுக்கிறதுக்கு விட்டது சேர், நீங்கள் அவசரப்பட்டு எடுத்துக்கொண்டு போனீங்கள்," என்றார். மூன்று மணித்தியாலம் வாங்கில் காத்திருந்தவனைப் பார்த்துச் சொன்ன பதில் இது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது பற்றுச்சீட்டைத்தான். கடையின் பெயரும் பொருளின் விவரமும் திகதியும் இல்லாத அந்தக் கார்டை வைத்துக்கொண்டு மேலே போக எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே உங்கள் வேலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பொருள், கூலி, திகதி மூன்றையும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

ஒயிலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது என் வண்டியில் ஒன்று இருக்கிறது. நானே செய்தது, 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. சேலைன் குழாயால் செய்த முதல் ஒன்று தோற்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அதன் றப்பர்ப் பகுதி எண்ணெயில் ஊறிப் பொங்கி, ஒரு மாதத்தில் இணைப்பைவிட்டுக் கழன்றது. பிறகு பெற்றோல் குழாய்க்கு மாறினேன். மூடியில் ஊசித் துளை ஒன்று, மழை புகாமல் அதன்மேல் ஒரு சிறு குல்லா, கையால் முழுமையாக மூடக்கூடிய பித்தளைத் திருகு, உள்ளே 90 கியர் ஒயில். முனை, செயினின் கீழ்ப்பாதி பின்பற்சக்கரத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால், சக்கரத்தின் பக்கவாட்டை உரசினாற்போல் நிற்கிறது. பாஸ் செய்ததுபோல் மேற்செயினின் மேலே தொங்கவிட்டால் பாதி எண்ணெய் டயருக்குத்தான் போகும். வெள்ளைத் தாளை விரித்துத் துளிகளை எண்ணினேன்: காலை 6 மணிக்கு நிமிடத்துக்கு ஒன்று விழுந்த அதே திருகு நிலையில், நண்பகலில் மூன்று விழுந்தது. ஆகவே போகும்போது ஓர் அளவு, வரும்போது ஓர் அளவு. உப்புவெளி தாண்டியதும் திறக்கிறேன், கும்புறுப்பிட்டிக்கு முன் மூடுகிறேன். மூட மறக்காமலிருக்க வண்டித் திறப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். வெக்கியூம் வால்வு செய்யும் வேலையை இப்போது அந்த நூல் செய்கிறது. மறதிக்காரர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

கடையில் பூட்டுவிப்பவர்கள், பணம் கொடுக்கு முன் அங்கேயே எஞ்சினை ஓடவிட்டுத் துளி விழுவதைப் பாருங்கள். நிறுத்தச் சொல்லி, துளி நிற்பதையும் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். வெக்கியூம் என்று சொன்னால், குழாயை விரலால் பிடித்துக்கொண்டே எஞ்சின் வரை போங்கள்.

போன மாதம் நிலாவெளியில் பெற்றோல் அடிக்க வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பொடியன் ஒருவனின் வண்டியில் அதே சிவப்பு எண்ணெய்ப் போத்தலைக் கண்டேன். எங்கே பூட்டியது என்று கேட்டேன்; அதே கராஜைத்தான் சொன்னான். "நல்லா வேலை செய்யுது அண்ணா, நிப்பாட்டினா தானா நிண்டிடும்," என்றான். வரிசையைவிட்டு விலகி ஓரமாக நிறுத்தச் சொல்லி, சீற்றைக் கழற்றச் சொன்னேன். குழாயை இழுத்தான்; கையோடு வந்துவிட்டது. அடைத்திருந்த பசை இன்னும் வெள்ளையாகவே இருந்தது.