சாதா பம்பா, ஸ்மார்ட் பம்பா: நம்மூர் ஐசியுவுக்கு எது?

மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஐசியுவுக்கு, மருந்தை அளவாக நரம்பில் ஏற்றும் பம்ப் வாங்கும் பேச்சு பெரும்பாலும் விலையோடு முடிந்துவிடும். நம் முன்னால் இருப்பவை மூன்று: சாதா சிரிஞ்ச் பம்ப், டிரக் லைப்ரரி (மருந்துகளின் டோஸ் வரம்புப் பட்டியல்) உள்ள ஸ்மார்ட் பம்ப், அதையே வைஃபையில் சர்வரோடு இணைத்தது.

சொட்டு எண்ணி விடுவதைவிட சாதா பம்ப் எவ்வளவோ மேல். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் மணிக்கு 100 மில்லி போக நிமிடத்துக்கு 33 சொட்டு. நைட் டூட்டியில் யார் எண்ணிக்கொண்டு நிற்பது? ஆனால் 5 மில்லிக்குப் பதில் 50 என்று அழுத்தினாலும் மறுபேச்சில்லாமல் ஓட்டும். ஓடுவது பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் என்றால் உயிருக்கே ஆபத்து.

ஸ்மார்ட் பம்பில் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் டோஸ் வரம்பும் வந்துவிடும். சாஃப்ட் லிமிட்டைத் தாண்டினால் எச்சரிக்கும், மீறிப் போகலாம். ஹார்டு லிமிட்டைத் தாண்ட விடாது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய சிஸ்டர்களில் பலருக்கு இது பழகிய சாதனம். பயிற்சிக்குக் கம்பெனி ஆளைவிட அவர்களே தேவலை. சிக்கல் என்னவென்றால், லைப்ரரியை விட்டுவிட்டு வெறும் மில்லி கணக்கிலும் ஓட்டலாம். அப்படி ஓட்டினால் கூடுதல் விலை கொடுத்ததற்குப் பலனில்லை. மருந்துத் தவறுகளைத் தடுக்கப் பாடுபடும் அமெரிக்காவின் ஐஎஸ்எம்பி அமைப்பு 2020இல் தந்த வழிகாட்டுதல், பம்பில் ஓடும் மருந்தில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் லைப்ரரி வழியாகவே ஓட வேண்டும் என்கிறது.

நம் வார்டில் அது எத்தனை சதவீதம்? பம்ப் தானே சேமித்து வைக்கும் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு வரும் எச்சரிக்கையை எல்லா ஷிப்டிலும் எல்லாரும் மீறுகிறார்களா? அப்படியானால் தவறு பெரும்பாலும் லைப்ரரியில்தான். வார்டில் கலக்கும் அளவும் அதிலுள்ள அளவும் வேறாக இருக்கும். அதைத் திருத்தாவிட்டால் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் கை தானாக மீறிவிடும். பத்து மடங்கு டோஸ் போட்டு, எச்சரிக்கை வந்ததும் திருத்திய சம்பவமும் பதிவில் இருக்கும். இதெல்லாம் யாரும் நோட்டில் எழுதி வைக்கிற விஷயமில்லை. ஆனால் இதைக் காட்டி ஒரு சிஸ்டருக்கு மெமோ கொடுத்துப் பாருங்கள், மறுநாளே எல்லாரும் லைப்ரரியை விட்டுவிடுவார்கள்.

வைஃபை இருந்தால் லைப்ரரி மாற்றம் எல்லா பம்புக்கும் சர்வரிலிருந்தே போகும், பதிவும் தானாக வந்து சேரும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி அளவுக்குப் பெரிய இடத்துக்கு அது சரி. ஆறு படுக்கை ஐசியுவுக்கு சர்வரும் பராமரிப்புச் செலவும் அதிகம் என்பேன். மாதம் ஒருமுறை கேபிளில் பதிவை எடுத்து, பார்மசிஸ்டும் ஐசியு இன்சார்ஜ் சிஸ்டரும் சேர்ந்து பார்த்தால் போதும். பணமே இல்லையா? சாதா பம்போடு, ஒரு மருந்துக்கு ஒரே கலவை, தெளிவான லேபிள், இருவர் சரிபார்ப்பு.

மூன்றில் எதை வாங்கினாலும் லேபிள் மாறிய சிரிஞ்சை பம்ப் கண்டுபிடிக்காது. டெமோவுக்கு வரும் கம்பெனி ஆளிடம் பதிவை நம் கம்ப்யூட்டரில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்றால், தொகையை முதல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.